வெளிச்சம் வருமுன் தைத்த லாம்பு ஷேட்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குத் தையல் வகுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது என்று முடிவானதும், வெவ்வேறு காலத்தில் படித்த பழைய மாணவிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். "தையல் வகுப்பில் செய்ததில் உங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது?" தலையணை உறை, மேசை விரிப்பு, குழந்தைச் சட்டை என்று வரிசையாகச் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அநேகமாக எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னது ஒன்றைத்தான்: லாம்பு ஷேட்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் எமக்கும் தெரியும். எம்மில் பலர் தோட்டத்து லயங்களிலிருந்து படிக்க வந்தவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, உள்ளே ஒரு குப்பி லாம்பு. அதற்கு ஷேட் போட முடியாது. போட்டால் வீடு எரியும். ஷேட் என்பது வெளிச்சம் கூடிப்போய்க் கண் கூசுகிறவர்கள் தேடும் பொருள். வெளிச்சமே போதாத வீட்டுப் பிள்ளைகள் நாம் அதை அளந்து, வெட்டி, தைத்து, புள்ளி வாங்கினோம். இது எப்படி நடந்தது என்று தேடிப் போனபோது, மலையகத்துக்கு வெளிச்சம் வந்த வரலாறே அந்தச் சின்னத் துணிக்குள் இருப்பதைக் கண்டோம்.

பங்களாவிலிருந்து வகுப்பறைக்கு

எண்ணெய் விளக்குக் காலத்தில் ஷேட் பெரும்பாலும் கண்ணாடியாகவே இருந்தது. துணியைச் சுடருக்குப் பக்கத்தில் வைக்க எல்லோருக்கும் பயம். 1879-இல் எடிசனின் மின்குமிழ் வந்த பிறகு நிலைமை மாறியது. சுடர் கண்ணாடிக்குள் அடைபட்டது, ஆனால் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஆகவே ஐரோப்பிய வீடுகளில் பட்டிலும் பருத்தியிலும் ஷேட் தைத்து, ஓரத்தில் குஞ்சம் கட்டித் தொங்கவிடும் பழக்கம் பரவியது. வீட்டுப் பெண்கள் தாமே தைத்துக்கொள்ளக்கூடிய அலங்காரம் என்பதால் ஆங்கிலத் தையல் புத்தகங்களில் அதற்கு ஒரு பாடம் கிடைத்தது.

எமது மலைகளில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867-இல். கோப்பி நோயில் அழிந்ததும் மலை முழுவதும் தேயிலையானது. மலையில் ஓடைகளுக்குக் குறைவில்லை. பல தோட்டங்களில் ஓடைநீரைக் குழாயில் இறக்கி ஸ்டோரின் இயந்திரங்களை ஓட்டினார்கள். அந்த மின்சாரத்தில் ஒரு கம்பி துரை பங்களாவுக்கும் போனது. நுவரெலியா நகரத்துக்கு நானுஓயாப் பக்கம் பிளாக்பூலில் அமைத்த சிறு மின்நிலையத்திலிருந்து 1912-இல் வெளிச்சம் வந்தது. ஹோட்டலிலும் கிளப்பிலும் பங்களாவிலும் மின்குமிழ் எரிந்தது. அதன்மேல் துரைசானி தைத்த ஷேட் இருந்தது. அதைத் தூசு தட்டிச் சுத்தமாக வைத்திருந்தவர் ஓர் ஆயா. வேலை முடிந்து அவர் லயத்துக்குத் திரும்பும்போது கையில் இருந்தது லாந்தர்.

மிஷன் பாடசாலைகளிலும் அவற்றைப் பின்பற்றிய மற்றப் பாடசாலைகளிலும் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்தபோது, "நல்ல வீடு" என்று மனதில் இருந்த படம் அந்தப் பங்களாவின் வரவேற்பறைதான். மேசை விரிப்பு, நாற்காலி முதுகுத் துணி, டீ கோசி, லாம்பு ஷேட் என்று பட்டியல் வந்த வழி அது. ஆட்சி மாறியது, பாடத்திட்டம் மாறியது, பாடத்தின் பெயரும் மனைப்பொருளியல் ஆனது. லாம்பு ஷேட் மட்டும் எமது வகுப்பறையை விட்டுப் போகவில்லை.

மின்சாரம் பிறந்த ஊர்

இதில் எம்மைச் சங்கடப்படுத்தும் உண்மை ஒன்று உண்டு. இலங்கையின் நீர்மின்சாரம் பிறந்தது எமது ஊரில்தான். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-இல் வாசித்த ஆய்வுரையில், களனி கங்கையின் மேல் கிளைகளான மஸ்கெலி ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் தரலாம் என்று காட்டினார். 1924-இல் வேலை தொடங்கி, இடையில் நின்று, கடைசியில் லக்ஷபான மின்நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. 1965-இல் காசல்ரீ நீர்த்தேக்கத்துடன் அவர் பெயரிலேயே இன்னொரு நிலையம் வந்தது. பிறகு மவுசாகலை. அந்த நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரமே போனது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலின் கற்களை இன்றும் காணலாம்.

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில் பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கோபுரங்கள் நன்றாகத் தெரியும். தேயிலைச் செடிகளுக்கு மேலாக, லயத்துக் கூரைகளுக்கும் மேலாக, உயர் அழுத்தக் கம்பிகள் கொழும்பு நோக்கிப் போகும். மழை நாளில் அவை 'ஙொய்' என்று இரையும். கீழே லயத்தில் குப்பி லாம்பு. தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. அந்த இருபது வருடத்தில் சில லயங்களுக்குக் கரண்ட் வந்தது, பலவற்றுக்கு வரவில்லை. நாம் சாதாரண தரத்துக்குப் படித்த 1990களின் நடுப்பகுதியிலும் வகுப்பில் கணிசமான பேர் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில்தான் வீட்டுப்பாடம் செய்தோம். 1996 வறட்சியில் நாடெங்கும் மணிக்கணக்காக மின்வெட்டு வந்தபோது நகரத்துத் தோழிகள் தவித்துப் போனார்கள். எமக்கு அது பழகிய இருட்டு.

அரை வட்டத்தின் கணக்கு

இனி வகுப்பறைக்கு வருவோம். எமது தையல் டீச்சர் முதலில் கேட்டது துணியை அல்ல, உடைந்த குடையை. மழை ஊரில் உடைந்த குடைக்கா பஞ்சம்? குடைக்கம்பிகளைக் குறுக்குச் சட்டமாக வைத்து, மேலும் கீழும் தடித்த கம்பியில் வளையம் கட்டினோம். கம்பி முழுவதும் வெள்ளைப் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றவேண்டும். இரண்டு காரணங்கள். துணியை ஊசியால் பிடித்துத் தைக்க நாடா வேண்டும். அதோடு, எமது ஊர் ஈரத்தில் கம்பி துருப்பிடித்தால் கறை துணிக்கு வரும்.

சட்டத்தின் ஒரு பங்கில் பத்திரிகைத் தாளை வைத்துப் பென்சிலால் அச்செடுப்போம். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விடுவோம். துணியை நேர் இழையில் வெட்டாமல் கிராஸாக வெட்டச் சொல்வார் டீச்சர். கிராஸ் துணி இழுபடும், வளைவில் சுருக்கமில்லாமல் படியும். நேர் இழைத் துணி அடம்பிடிக்கும். வாங்கிய துணி குறைவு. மாவு மூடைத் துணியை வெளுத்தும், அம்மாவின் பழைய வாயில் சேலையின் நல்ல பக்கத்தை வெட்டியும் கொண்டு வந்தோம். உள்ளே கட்டாயம் வெள்ளை லைனிங். கருஞ்சிவப்போ நீலமோ வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும்.

சட்டம் கட்ட முடியாதவர்களுக்கு எளிய வழியும் இருந்தது. மேல் வளையம் 4 அங்குல விட்டம், கீழ் வளையம் 12 அங்குல விட்டம், சாய்வு 8 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால், விரித்துப் பார்க்கும்போது அது சரியாக ஓர் அரை வட்டம். 12 அங்குல நூலில் பென்சிலைக் கட்டி அரை வட்டம் போடு. அதே மையத்திலிருந்து 4 அங்குலத்தில் இன்னொரு அரை வட்டம் போட்டு அந்தத் துண்டை வெட்டி எறி. மிச்சத்தைப் பிறிஸ்டல் போட்டில் ஒட்டிச் சுருட்டினால் ஷேட். கணித டீச்சர் கூம்பு படிப்பித்தபோது எமக்கு மட்டும் அது ஏற்கெனவே தெரிந்திருந்ததன் இரகசியம் இதுதான்.

இந்த இரண்டு வடிவத்துக்கும் ஆங்கிலத்தில் பெயர் உண்டு. வளைந்து இறங்கும், சட்டம் வைத்த ஷேட் 'எம்பயர்', அதாவது பேரரசு. பிரான்சில் நெப்போலியன் காலப் பாணியின் பெயர் அது. அகன்று விரியும் கூம்புக்குப் பெயர் 'கூலி'. சீனத்திலும் வியட்நாமிலும் வயலில் வேலை செய்பவர்கள் அணியும் கூம்புத் தொப்பியைப் பார்த்து வைத்த பெயர். கூலி என்பது எமது மொழியில் செய்த வேலைக்குக் கிடைக்கும் காசு. ஆங்கிலத்தில் அது ஆளின் பெயராகிவிட்டது. எமது பாட்டன் பாட்டிமார் குடியிருந்த லயங்களைத் துரைமார் 'கூலி லைன்ஸ்' என்றே எழுதினார்கள். பங்களாவின் வரவேற்பறையில் எம்பயரும் கூலியும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியிருக்கின்றன.

டீச்சரிடம் இருந்த பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருந்ததை எம்மில் ஒருத்தி பார்த்துவிட்டாள். "டீச்சர், இது ஏன் கூலி?" என்று கேட்டாள். டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நாம கூம்புன்னு எழுதுவோம் பிள்ளை," என்றார். அன்றிலிருந்து எமது கொப்பிகளில் அது கூம்பு ஷேட். அவர் விளக்கம் தரவில்லை. தேவையும் இருக்கவில்லை.

கருகிய இடம்

செய்து முடித்த ஷேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, பரீட்சைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுபோன ஒருத்தியின் அம்மாவுக்கு மகளின் கைவேலையை வெளிச்சத்தில் பார்க்க ஆசை. சிமினி லாம்பின் மேல் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். பூவேலை அழகாகத் தெரிந்ததாம். அடுத்த கணம் புகை. அம்மா வெறுங்கையால் தட்டிவிட்டார். விரல் நுனியில் கொப்புளம், துணியில் ஒரு ரூபாய்க் குத்தியளவு கருகல்.

அவள் அழுதுகொண்டே வந்தாள். டீச்சர் திட்டவில்லை. முதலில் அம்மாவின் கை எப்படியிருக்கிறது என்று கேட்டார். பிறகு கருகலைச் சுற்றி வெட்டி, பின்னால் ஒரு துண்டு வைத்து, அதன்மேல் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து ஒன்றைப் பச்சை நூலில் போடச் சொன்னார். அந்த வருடம் கூடிய புள்ளி அந்த ஷேட்டுக்குத்தான். அதன் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் நாளே டீச்சர் கரும்பலகையில் எழுதிவிடுவார்: "சுடர் விளக்குக்கு இது ஆகாது."

குப்பி லாம்பும் எரிகாயமும்

அந்த வாக்கியத்தின் கனம் வகுப்பில் எமக்குப் புரியவில்லை. எம்மில் மருத்துவம் படித்து வைத்தியசாலைகளில் கடமைக்குப் போனவர்களுக்குப் பிறகு புரிந்தது. கைவிட்ட மருந்துப் போத்தலில், ஜாம் போத்தலில், மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டால் குப்பி லாம்பு. உயரம் கூட, பாரம் குறைவு, மூடி இறுகாது. பூனை தட்டினாலும், பிள்ளையின் கை பட்டாலும் சாயும், உருளும். எண்ணெய் சிந்தி அதன்மேல் தீ ஓடும். நைலோன் கலந்த உடுப்பு உருகித் தோலோடு ஒட்டும். எரிகாயத்தோடு வந்த பெண்களிடமும் பிள்ளைகளிடமும் என்ன நடந்தது என்று கேட்டால், எத்தனையோ முறை கேட்ட பதில் "லாம்பு சாஞ்சிருச்சு" என்பதுதான்.

இதற்கு ஒரு வழி கண்டவரும் எமது நாட்டு வைத்தியர்தான். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கோடகும்புர, எரிகாய நோயாளர்களைப் பார்த்துப் பார்த்து, 1990களின் தொடக்கத்தில் 'சுதீப' என்ற பாதுகாப்பான லாம்பை உருவாக்கினார். குட்டையாக, பாரமாக, தடித்த கண்ணாடியில். இரண்டு பக்கமும் தட்டை, ஆகவே விழுந்தாலும் உருளாது. மூடி திருகி இறுக்குவது, ஆகவே எண்ணெய் சிந்தாது. மார்மைட் போத்தலின் வடிவம் அவருக்கு யோசனை தந்தது. 1998-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு போத்தலின் வடிவத்தை மாற்றியதுதான். அதற்குக் கிடைத்த மரியாதை எமக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த லாம்பு தேவைப்பட்ட வீடுகளுக்கு மேலாகத்தான் மின்கம்பிகள் போயின என்பதையும் மறக்க முடியவில்லை.

கரண்ட் வந்த நாள்

கரண்ட் லயத்துக்கு வந்த நாளைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஒரு வீட்டில் பாட்டி வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கரியா!" என்று வெள்ளையடிக்கச் சொன்னாராம். இன்னொரு வீட்டில் தம்பி இரவு முழுவதும் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தானாம். ஆனால் மூன்று வீடுகளில் ஒரே கதையைக் கேட்டோம். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பொருளை எடுத்திருக்கிறார். மகள் படிக்கும் காலத்தில் தைத்த லாம்பு ஷேட். மகள் கல்யாணமாகிப் போயிருந்தாள், அல்லது கொழும்பில் வேலைக்குப் போயிருந்தாள். ஷேட் பத்து வருடம், பன்னிரண்டு வருடம் காத்திருந்தது.

வீட்டில் வெளிச்சமே இல்லாத பிள்ளைக்கு ஷேட் தைக்கக் கற்பித்தது பொருந்தாத பாடம் என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். அப்படி நினைத்ததில் தவறுமில்லை. பங்களாவுக்கென்று எழுதிய பாடம் அது. ஆனால் எமது அம்மாமார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த வீட்டுக்கும் ஒருநாள் வெளிச்சம் வரும் என்பதற்கு அவர்களுக்கு இருந்த ஒரே எழுத்துச் சான்றிதழ் அந்த ஷேட். ஆகவே பத்திரமாக வைத்தார்கள்.

இன்று வீட்டில் செய்ய விரும்புவோருக்கு

டொரொன்டோவிலும் லண்டனிலும் சென்னையிலும் மட்டக்களப்பிலும் இருந்து இதை வாசிக்கும் தோழிகளே, உங்கள் வீட்டுப் பழைய ஷேட்டின் துணி நைந்திருந்தால் எறிந்துவிடாதீர்கள். துணியைப் பிரித்தெடுத்து அதையே அச்சாக வைத்து வெட்டுங்கள். நாடாவைப் புதிதாகச் சுற்றுங்கள். பழைய குமிழ் தனக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிட்டது. அதனால் துணிக்கும் குமிழுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது விடவேண்டும் என்றும், மேல்வாயை மூடக்கூடாது என்றும் டீச்சர் சொல்வார். இன்றைய எல்.ஈ.டி. குமிழில் சூடு குறைவு. ஆனாலும் அந்த இரண்டு அங்குலத்தை விடுங்கள்.

இந்த எச்சரிக்கை பழங்கதை அல்ல. 2022-இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. மூலையில் கிடந்த குப்பி லாம்புகள் திரும்ப வந்தன. அதே வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. இருட்டு எந்த நேரமும் திரும்பி வரலாம். லாம்பு பற்றவைக்க நேர்ந்தால் குட்டையான, பாரமான போத்தலில் வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத மட்டமான இடத்தில் வையுங்கள். எரிகாயம் பட்டால் பற்பசையும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு வைத்தியசாலைக்கு வாருங்கள்.

பெயர் எழுதி வையுங்கள்

நியூயோர்க்கில் டிஃபனி என்ற கம்பனியின் வண்ணக் கண்ணாடி லாம்பு ஷேட்டுகள் நூறு வருடத்துக்கும் மேலாக உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் மிக அழகான பலவற்றை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கோல் என்ற பெண் என்பதும், அவருக்குக் கீழ் இளம் பெண்கள் கூட்டமாக வேலை செய்தார்கள் என்பதும் அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்த பிறகுதான் வெளியில் தெரிந்தது. 2007-இல் நியூயோர்க்கில் கண்காட்சி வைத்து அவர்களின் பெயரைச் சொன்னார்கள். அவர் இறந்து அதற்குள் அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

எமது தையல் வகுப்பிலிருந்து வெளிவந்த ஷேட்டுகளை எவரும் கண்காட்சியில் தேடப்போவதில்லை. ஆனால் அவற்றைத் தைத்த கைகளுக்குப் பெயர் உண்டு, அந்தப் பெயர்கள் இன்னும் எமக்கு ஞாபகம் இருக்கின்றன. ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவின் தகரப் பெட்டியில், அக்காவின் அலுமாரியில் ஒரு பழைய ஷேட்டோ, பூவேலைத் துண்டோ, தையல் கொப்பியோ இருந்தால் சங்கத்துக்குத் தாருங்கள். தர மனமில்லாவிட்டால் ஒரு படமாவது எடுத்து அனுப்புங்கள். தைத்தவர் பெயர், எந்த வருடம், எந்தத் தோட்டம், வீட்டுக்கு எப்போது கரண்ட் வந்தது என்ற நாலு விபரத்தையும் ஒரு துண்டில் எழுதி அதோடு குத்தி அனுப்புங்கள்.

கருகலின் மேல் கொழுந்து போட்ட அந்த ஷேட் இன்னும் இருக்கிறது. அதைத் தைத்தவளின் மகள் இன்று எமது கல்லூரியில் படிக்கிறாள். இரவில் அதன் கீழிருந்துதான் பாடம் படிக்கிறாளாம். அந்த வீட்டின் நாலு விபரமும் எழுதிய முதல் துண்டு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்தது உங்களுடையதாக இருக்கட்டும்.